கல்விக் கடனும் கீரமங்கலத்து மொய் விருந்தும்



ஆண்டுதோறும் மே மாதத்தில் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளிவந்ததும், நம் இல்லங்களில் இரண்டு கணக்குகள் போடப்படுகின்றன. ஒன்று மதிப்பெண் கணக்கு. அதனைப் பிள்ளைகள் போடுகின்றனர். மற்றொன்று பணக் கணக்கு. அதனைப் பெற்றோர் இரவில், பிள்ளைகள் உறங்கியபின் போடுகின்றனர். நிலத்தை விற்பதா, நகையை அடகு வைப்பதா, வங்கியில் கடன் கேட்பதா, உறவினர் வாயிலை நாடுவதா என்னும் கேள்விகள் அப்பொழுது எழுகின்றன. உணவு, மருந்து, அடைக்கலம், கல்வி என்னும் நால்வகைத் தானங்களுள் கல்வியையும் ஒன்றாக வைத்துப் போற்றிய சமயம் நம்முடையது. அறவோர் உறைவிடமாகிய ‘பள்ளி’ என்னும் சொல்லே இன்று கல்விக்கூடத்தின் பெயராக வழங்குவதையும் நாம் பெருமையுடன் கூறிக்கொள்கிறோம். அத்தகைய நாம், தானமாகத் தரப்பட வேண்டிய கல்வி கடனாகத் தரப்படும் காலத்தில் யாது செய்தல் வேண்டும் என்பதை ஆராய்வது கடமையாகும்.

இவ்வாராய்ச்சிக்கு முதற்பாடமாக, நம் மக்கள் மிகுதியாக வாழும் வந்தவாசி, திண்டிவனம், செஞ்சி, ஆரணிப் பகுதிகளை விட்டுச் சற்றுத் தெற்கே செல்வோம். சித்தன்னவாசல் குகைப்பள்ளியால் நமக்கு உரிமை பூண்ட புதுக்கோட்டை மாவட்டத்தில், ஆலங்குடி வட்டத்தில் உள்ளது கீரமங்கலம் என்னும் பேரூர். தென்னை, பலா, வாழை, மலர்ச்சாகுபடி ஆகியவற்றால் பெயர் பெற்ற ஊர் அது. சமண ஊர் அன்று. எனினும், வங்கியை நாடாமல் பெருந்தொகை திரட்டும் வழியொன்றை அவ்வட்டாரத்து மக்கள் கண்டுள்ளனர். அதுவே மொய் விருந்து.

மொய் விருந்தின் முறை

திருமணம், காதணி விழா முதலிய சடங்குகளில் மொய் எழுதுதல் தமிழகம் எங்கும் உள்ள வழக்கம். கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம், குளமங்கலம் முதலிய ஊர்களிலும், அண்டையிலுள்ள தஞ்சை மாவட்டத்துப் பேராவூரணிப் பகுதியிலும் அது தனியொரு நிகழ்ச்சியாக வளர்ந்துள்ளது. அங்கே சடங்கு எதுவும் நிகழ வேண்டுவதில்லை; மொய் பெறுவதற்கென்றே விருந்து வைக்கப்படுகிறது. ஆடியும் ஆவணியும் அதற்குரிய பருவம். பிற இடங்களில் சுபகாரியம் விலக்கப்படும் ஆடியில் அங்கே பந்தல்கள் எழுகின்றன. தனியொருவராக நடத்தின் செலவு மிகுமாதலால், பல குடும்பத்தார் ஒன்றுசேர்ந்து ஒரே பந்தலில் விருந்து வைத்துச் செலவைப் பகிர்ந்துகொள்வதும் உண்டு. அவரவர்க்குத் தனி இடம், தனி ஏடு, தனி எழுத்தர். வருவோர் உணவு அருந்தி, தாம் செலுத்த வேண்டிய தொகையைச் செலுத்திச் செல்வர்.

ஒரு குடும்பம் ஏறத்தாழ ஐந்தாண்டுக்கு ஒருமுறை விருந்து வைக்கும். இடைப்பட்ட காலத்தில் அது மற்றவர் விருந்துகளுக்குச் சென்று மொய் செய்துகொண்டே இருக்கும். தான் முன்பு பெற்ற தொகையைத் திருப்பித் தருவதோடு, மேலும் ஒரு தொகையைக் கூட்டிச் செலுத்தும். அவ்வாறு கூடுதலாக வைப்பது ‘புது நடை’ எனப்படும். இவ்வாறு கொடுத்தவை யாவும் ஏட்டில் நிற்கும். தன் முறை வரும்பொழுது ஒரே நாளில் திரண்டு வரும். ஒரே விருந்தில் பல இலட்சம் சேர்வதும் உண்டு. 2019-ஆம் ஆண்டில் வடகாட்டில் ஒருவர் நடத்திய விருந்தில் நான்கு கோடி ரூபாய் அளவில் மொய் சேர்ந்ததாக நாளிதழ்கள் எழுதின. அவ்வாறு பெறும் பணம் ஆழ்குழாய்க் கிணறாகவும், கடையாகவும், வீடாகவும் மாறுகிறது. பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணமாகவும் மாறுகிறது.

இவ்வழக்கின் நிறைகளை முதலில் எண்ணுவோம். இதற்கு வட்டி இல்லை. ஈடு கேட்பார் இல்லை. ஒருவர் பெற்ற தொகையை ஒரே நாளில் ஒருவருக்கே திருப்ப வேண்டுவதில்லை. பலருக்கு, பல ஆண்டுகளில், அவரவர் முறை வரும்பொழுது திருப்பினால் போதும். வங்கிக் கடன் நாட்காட்டியைப் பார்த்துத் திருப்பப்படுவது. மொய் கொடுத்தவர் முறையைப் பார்த்துத் திருப்பப்படுவது. இது சிறிய வேறுபாடு அன்று.

குறைகளையும் மறைத்தல் ஆகாது. முதற்குறை நமக்கு எளிதில் புலப்படுவது. விருந்தென்றால் அங்கே ஆட்டுக்கறி விருந்து. ஒரு பருவத்தில் எத்தனையோ உயிர்கள் மாய்கின்றன. கொல்லாமையைத் தலையாய விரதமாகக் கொண்ட நாம் அதனை ஏற்க இயலாது. இரண்டாவது, மொய் என்பது முன்பு கொடுத்தவர்க்கே வரும். கொடுக்க வசதியற்ற கூலித் தொழிலாளி எவரிடத்தும் பெறும் உரிமை உடையவர் ஆகார். மூன்றாவது, மொய்க்கடன் ஏட்டோடு அழிவதில்லை. தந்தை பெற்றதை மகன் திருப்ப வேண்டும். திருப்பாதவர் ஊரார் முன் தலைகுனிவர். அச்சத்தின்பேரில் வட்டிக்கு வாங்கி மொய் எழுதுவோரும் உளர்.

நான்காவது குறை எல்லாவற்றினும் ஆழமானது. 2018 நவம்பர் 16-ஆம் நாள் கஜா புயல் அவ்வட்டாரத்தைத் தாக்கியது. பல்லாண்டு வளர்த்த தென்னைகளும் பலாக்களும் ஒரே இரவில் சாய்ந்தன. கொடுத்தவரும் பெற்றவரும் ஒரே மண்ணில் ஒரே மரத்தை நம்பி வாழ்ந்தமையால், இருவரும் ஒரே நாளில் வறியராயினர். அண்டையில் இருப்போர் மட்டுமே சேர்ந்த உதவி வட்டம், அண்டை முழுவதும் அழியும் காலத்தில் தளர்ந்துபோகும் என்பதே இதில் உள்ள பாடம். இதனை நினைவில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

வங்கிக் கல்விக் கடன் வந்த வரலாறு

கல்விக்குக் கடன் என்பது நம் நாட்டில் புதியதன்று. 1963-இல் மத்திய அரசு ‘தேசியக் கடன் உதவித்தொகை’ என்னும் திட்டத்தைத் தொடங்கி, தகுதியுடைய ஏழை மாணவர்க்கு வட்டியின்றிக் கடன் அளித்தது. தமிழகத்தில் 1980-களின் நடுவில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் தோன்றலாயின. கட்டணம் செலுத்திப் பயிலும் இடங்கள் பெருகின. 1993-இல் உன்னிகிருஷ்ணன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இலவச இடம், கட்டண இடம் என்னும் பாகுபாட்டை வகுத்தது, 2002-இல் டி.எம்.ஏ. பாய் வழக்கில் அத்திட்டம் நீக்கப்பட்டது. இதற்கிடையே, 2001-இல் இந்திய வங்கிகள் சங்கம் மாதிரிக் கல்விக் கடன் திட்டம் ஒன்றை வகுத்து அளித்தது. இன்று நாம் ‘எஜுகேஷன் லோன்’ என்று வழங்குவது இதன் வழிவந்ததே.

அத்திட்டத்தின் அடிப்படை விதிகளை ஒவ்வொரு பெற்றோரும் அறிந்திருத்தல் வேண்டும். நான்கு இலட்சம் ரூபாய் வரையிலான கடனுக்கு வங்கி ஈடு கேட்டல் ஆகாது. படிப்புக் காலமும் அதற்குப் பின் ஓராண்டும் தவணை செலுத்த வேண்டுவதில்லை. இதனை விடுப்புக் காலம் எனலாம். அக்காலத்தில் தனிவட்டியே கணக்கிடப்படும். பின்னர் பதினைந்து ஆண்டுகள் வரை தவணைகளில் திருப்பலாம். பெற்றோர் இக்கடனில் உடன் கடன்தாரர் ஆவர். அதாவது, மகன் செலுத்தத் தவறின் தந்தையும் தாயும் பொறுப்பாவர். கையொப்பம் இடும் நாளில் பலர் இதனைக் கருதுவதில்லை.

2009-10 கல்வியாண்டு முதல், பெற்றோரின் ஆண்டு வருமானம் 4.5 இலட்சத்திற்கு மேற்படாத மாணவர் தொழிற்கல்வி, தொழில்நுட்பக் கல்வி பயிலுங்கால், விடுப்புக் கால வட்டியை மத்திய அரசே ஏற்கும் திட்டம் நடைமுறைக்கு வந்தது. கல்லூரி உரிய தரச்சான்று பெற்றதாக இருத்தல் வேண்டும். 2015-இல் கல்விக் கடன்களுக்கெனக் காப்புறுதி நிதி ஏற்பட்டது, 7.5 இலட்சம் வரையிலான கடன் வாராது போயின் அதில் முக்கால் பங்கை அந்நிதி வங்கிக்கு ஈடுசெய்யும். அதே ஆண்டில் வித்யாலட்சுமி இணையதளம் தொடங்கப்பட்டது. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பிரதமர் வித்யாலட்சுமித் திட்டத்தின்படி, தேர்ந்தெடுக்கப்பட்ட உயர்தரக் கல்வி நிறுவனங்களில் இடம் பெற்றோர்க்கு ஈடும் பிணையும் இன்றிக் கடன் கிடைக்கும்; குடும்ப வருமானம் எட்டு இலட்சம் வரை உள்ளோர்க்குப் பத்து இலட்சம் வரையிலான கடனில், விடுப்புக் காலத்திற்கு 3 விழுக்காடு வட்டிச் சலுகையும் உண்டு.

ஒரு கணக்கு

கடனைப் பற்றிப் பேசுவோர் பலர். கணக்கிட்டுப் பார்ப்போர் சிலர். ஆதலின் ஈண்டு ஒரு கணக்கைப் போட்டுக் காண்போம். ஆண்டுக்கு ஓர் இலட்சம் வீதம் நான்காண்டுப் படிப்பிற்கு நான்கு இலட்சம் கடன். வட்டி ஆண்டுக்கு 10 விழுக்காடு எனக் கொள்வோம்.

முதலாண்டின் ஆரம்பத்தில் பெற்ற இலட்சத்திற்கு ஐந்தாண்டு வட்டி 50,000. இரண்டாம் இலட்சத்திற்கு நான்காண்டு வட்டி 40,000. மூன்றாம் இலட்சத்திற்கு 30,000. நான்காம் இலட்சத்திற்கு 20,000. ஆக, தவணை தொடங்கும் நாளில் வட்டி மட்டும் 1,40,000. கடன் 5,40,000 ஆகிவிடுகிறது. இதனைப் பத்தாண்டுகளில் திருப்பின் மாதத் தவணை ஏறத்தாழ 7,136 ரூபாய்; மொத்தம் செலுத்துவது 8.56 இலட்சம். பதினைந்து ஆண்டுகளுக்கு நீட்டின் தவணை 5,803 எனக் குறையும். ஆனால் மொத்தம் 10.44 இலட்சத்தைத் தாண்டும். தவணை இலேசாயிற்று என்று மகிழும்பொழுது, கடன் கனத்துவிட்டது என்பதை மறந்துவிடுகிறோம்.

விடுப்புக் காலத்திலேயே வட்டியை அவ்வப்போது கட்டிவரும் குடும்பத்தின் நிலை வேறு. அவர்களுக்குத் தவணை தொடங்கும் நாளில் கடன் நான்கு இலட்சமாகவே நிற்கும். பத்தாண்டுத் தவணை 5,286. முன்பு கட்டிய வட்டியையும் சேர்த்து மொத்தம் 7.74 இலட்சம். மிச்சம் ஏறத்தாழ 82,000 ரூபாய். அரசின் வட்டி மானியம் பெற்றோர்க்கு அந்த 1,40,000-உம் தம் கையிலிருந்து செல்வதில்லை. அவர்கள் செலுத்துவது 6.34 இலட்சமே. ஒரே கடன், ஒரே வட்டி விகிதம். வருமானச் சான்றிதழை உரிய காலத்தில் வங்கியில் அளித்த குடும்பத்திற்கும், அளிக்காது விட்ட குடும்பத்திற்கும் இடையே இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட வேறுபாடு! இதனினும் பெரிய பாடம் வேறு யாது?

இனி, வேலையை நோக்குவோம். மாதம் 25,000 பெறுவோர்க்கு 7,136 ரூபாய்த் தவணை கடினமெனினும் இயலும். 15,000 பெறுவோர்க்கு அது ஊதியத்தில் ஏறத்தாழப் பாதி. வேலையே கிடைக்காதவர்க்கு அது மலை. கடனின் பாரம் கடன் தொகையைப் பொறுத்தது மட்டுமன்று. படிப்பின் தரத்தையும் அதன்பின் கிடைக்கும் ஊதியத்தையும் பொறுத்தது.

தள்ளுபடி பற்றிய வழக்கு

இங்கேதான் நாடெங்கும் நிகழும் வாதம் தொடங்குகிறது. கடந்த பதின்மங்களில் தமிழகத்தில் பொறியியல் கல்லூரிகள் ஐந்நூற்றுக்கு மேற்பட்டுப் பெருகின. கடன் பெற்றுப் பயின்ற பலர் தகுந்த வேலையின்றித் திகைத்தனர். கடன்கள் வாராக்கடன்களாயின. வங்கிகளுள் சில அத்தகைய கடன்களைச் சொத்து மறுசீரமைப்பு நிறுவனங்களுக்கு விற்றன. வசூலிப்போர் வீட்டு வாயிலுக்கு வந்தனர். 2016 ஜூலையில் மதுரையைச் சேர்ந்த இளம் பொறியியல் பட்டதாரி ஒருவர், அத்தகைய நெருக்கடியின்பின் உயிரை மாய்த்துக்கொண்டார். தமிழகமே அதிர்ந்தது. அவ்விளைஞர் பெற்ற கடன் ஒரு பட்டத்திற்காக, இழந்தது உயிரை.

தள்ளுபடி வேண்டும் என்போர் கூறுவன வலிமையானவை. பயிர்க்கடன் தள்ளுபடி செய்யப்படுகிறது. 2021 பிப்ரவரியில் தமிழக அரசு 12,110 கோடி ரூபாய்க் கூட்டுறவுப் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தது. விதை விதைத்து மழை பொய்த்த உழவர்க்குக் காட்டும் பரிவை, படிப்பை விதைத்து வேலை பொய்த்த இளைஞர்க்கு ஏன் காட்டலாகாது என அவர்கள் வினவுகின்றனர். தரமற்ற கல்லூரிக்கு அனுமதி அளித்தது அரசு அமைப்பு. கட்டணம் பெற்றது கல்லூரி. வட்டி பெறுவது வங்கி. தண்டனை மட்டும் மாணவர்க்கா என்றும் கேட்கின்றனர்.

மறுப்போர் கூறுவனவும் எளிதில் ஒதுக்கத்தக்கவை அல்ல. கடன் வாங்கி, வயிற்றைக் கட்டித் தவணை செலுத்தி முடித்தவர்க்கு என்ன சொல்வது? கடனுக்கு அஞ்சிக் கல்லூரிக்கே செல்லாமல் வேலைக்குச் சென்றவர் செலுத்தும் வரியிலிருந்து பட்டதாரியின் கடனை அடைப்பது முறையா? ஒருமுறை தள்ளுபடி செய்தால் வங்கிகள் அடுத்த மாணவர்க்குக் கடன் தரத் தயங்குமே என்பன அவர்தம் வாதங்கள். மேலும், கல்விக் கடன்களைப் பெரிதும் வழங்குபவை மத்திய அரசைச் சார்ந்த பொதுத்துறை வங்கிகளாதலால், கூட்டுறவுக் கடனைப்போல மாநில அரசு ஓர் ஆணையால் அவற்றை நீக்கிவிட இயலாது. வங்கிக்குரிய பணத்தைக் கருவூலத்திலிருந்து தருதல் வேண்டும்.

இவ்வழக்கு நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் நாலு கோடிக்கு மேற்பட்டோர் அரசுக் கல்விக் கடன் உடையோர். 2022 ஆகஸ்டில் அதிபர் பைடன் அறிவித்த பெருந்தள்ளுபடியை 2023 ஜூன் 30-ஆம் நாள் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் செல்லாது எனத் தீர்ப்பளித்தது. ஆஸ்திரேலியா 1989-இலேயே வேறொரு நெறியைக் கண்டது. அங்கே மாணவர் பட்டம் பெற்று, குறிப்பிட்ட அளவுக்கு மேல் வருமானம் ஈட்டத் தொடங்கிய பின்னரே, வரியோடு சேர்த்துக் கடன் பிடிக்கப்படும். வருமானம் குறைந்தால் பிடித்தமும் நிற்கும். அந்நாட்டிலும் கடன்சுமை வளர்ந்தமையால், 2025-இல் நிலுவைக் கடனில் 20 விழுக்காட்டைக் குறைக்கச் சட்டம் செய்தனர். எந்நெறியும் குறையற்றதன்று. எனினும், திருப்பும் காலத்தை நாட்காட்டி அல்லாது வருமானம் முடிவு செய்தல் வேண்டும் என்னும் கொள்கை சிந்திக்கத்தக்கது. கொடுத்தவர் முறை வரும்வரை காத்து நிற்கும் கீரமங்கலத்து ஏடும், கடன்பட்டவர் வருமானம் வளரும்வரை காத்து நிற்கும் ஆஸ்திரேலிய ஏடும், ‘இன்ன தேதி’ என்று கழுத்தை நெரியாமையில் ஒன்றுபடுகின்றன.

நம் நெறி காட்டும் வழி

இல்லறத்தார்க்கு வகுக்கப்பட்ட ஐந்து அணுவிரதங்களுள் இரண்டு இவ்விடத்தில் நமக்கு வழிகாட்டும். கள்ளாமை என்பது பிறர் பொருளை எடாமை மட்டுமன்று. திருப்புவதாகச் சொல்லிப் பெற்றதை, திருப்ப இயலும் நிலையில் திருப்பாதிருத்தலும் அவ்விரதத்திற்கு மாசாகும். ஆதலின், நல்ல ஊதியம் பெற்றும் ‘தள்ளுபடி வரட்டும்’ என்று தவணையை நிறுத்திவைக்கும் இளைஞரை நாம் பாராட்டுதல் இயலாது. பொருள் வரைதல் என்பது நமக்கு வேண்டும் அளவை நாமே வகுத்துக்கொள்ளுதல். அயலார் பிள்ளை தொலைவிலுள்ள பெருங்கட்டணக் கல்லூரியில் சேர்ந்தான் என்பதற்காக நம் பிள்ளையையும் அங்கே சேர்க்கக் கடன் வாங்குதல் கல்விப் பற்று ஆகாது. பெருமைப் பற்றே ஆகும். அண்மையிலுள்ள அரசுக் கலைக் கல்லூரியில் குறைந்த கட்டணத்தில் பயின்று உயர்ந்தோர் நம்மிடையே எத்தனையோ பேர் உளர்.

ஆனால் விரதம் கடன்பட்டவர்க்கு மட்டும் உரியதன்று. உண்மையாகவே திருப்ப இயலாதவரை அவமானப்படுத்துதல், அச்சுறுத்துதல், ஊரறியத் தூற்றுதல் ஆகியவை இம்சையே. சொல்லாலும் உயிரை வருத்தலாகாது என்பது நம் நெறி. வேலையின்றித் தவிக்கும் பிள்ளையைப் பெற்றோரே ‘உன்னால்தான் கடன்’ என்று நாள்தோறும் குத்துதலும் இதனுள் அடங்கும். கடனைவிடப் பிள்ளை பெரிது என்பதை அப்பிள்ளை ஐயமின்றி அறிந்திருக்கும் வீடாக நம் வீடு இருத்தல் வேண்டும்.

குடும்பத்தார் செய்யத்தக்கவை

1. கடனுக்கு முன் உதவியைத் தேடுக. முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கான கட்டணச் சலுகை 2010-11 முதல் உண்டு. அரசுப் பள்ளியில் பயின்றோர்க்கு மருத்துவம், பொறியியல் முதலிய தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடும், அவ்வாறு சேர்ந்தோரின் கட்டணத்தை அரசே ஏற்கும் ஏற்பாடும் உண்டு. 2022-இல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தாலும், 2024-இல் தொடங்கிய தமிழ்ப்புதல்வன் திட்டத்தாலும் மாதம் ஆயிரம் ரூபாய் பெறும் வழி ஏற்பட்டது.

2. 2014 ஜனவரியில் சமணர் தேசியச் சிறுபான்மையினராக அறிவிக்கப்பட்டனர். இதனால் தமிழ்நாடு சிறுபான்மையினர் பொருளாதார மேம்பாட்டுக் கழகமாகிய டாம்கோவின் கல்விக் கடனை நாமும் நாடலாம். அதன் முதல் திட்டத்தில் வட்டி 3 விழுக்காடு. கூடுதல் வருமானம் உடையோர்க்கான இரண்டாம் திட்டத்தில் மாணவர்க்கு 8, மாணவியர்க்கு 5 விழுக்காடு. மேலே நாம் 10 விழுக்காட்டில் போட்ட கணக்கை 3 விழுக்காட்டில் போட்டுப் பாருங்கள், வேறுபாடு விளங்கும். வருமான வரம்பையும் வேண்டிய சான்றுகளையும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள சிறுபான்மையினர் நலப் பிரிவில் கேட்டறிக.

3. கல்லூரியின் தரச்சான்றை வங்கிக்குச் செல்லும் முன்னரே உறுதி செய்க. வருமானச் சான்றிதழை ஒவ்வோராண்டும் உரிய காலத்தில் வங்கியில் அளித்து ஒப்புகை பெறுக.

4. இயன்றால் படிப்புக் காலத்திலேயே வட்டியைக் கட்டுக. முழுவதும் இயலாவிடின் பாதியேனும் கட்டுக.

5. தவணை தவறும் நிலை வந்தால் வங்கிக்கு ஒளியாது, எழுத்து மூலம் நிலையைத் தெரிவித்துத் தவணையை மாற்றியமைக்கக் கேட்க. வசூல் முகவர் காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் தொலைபேசியில் அழைத்தல் ஆகாது என்றும், அச்சுறுத்துதல் கூடாது என்றும் ரிசர்வ் வங்கி 2022-இல் ஆணையிட்டுள்ளது. வங்கியிடம் முறையிட்டும் தீர்வு இல்லையெனில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை நாடலாம். அதற்குக் கட்டணம் இல்லை.

சமுதாயம் செய்யத்தக்கது

கீரமங்கலத்திற்கு மீண்டும் வருவோம். அவ்வழக்கில் கொள்ளத்தக்கதைக் கொண்டு தள்ளத்தக்கதைத் தள்ளினால், நமக்கேற்ற ஏற்பாடு ஒன்று புலப்படும். உயிர்க்கொலையும் ஆடம்பரமும் தள்ளத்தக்கவை. வட்டியின்மை, ஏட்டில் ஒழுங்கு, பெற்றவர் பின்னர்க் கூட்டித் தருதல் ஆகியவை கொள்ளத்தக்கவை. ‘முன்பு கொடுத்தவர்க்கே’ என்னும் விதியை மட்டும் மாற்றி, ‘இன்று பெறுபவர் நாளை வேறொருவர்க்குக் கொடுப்பவர்’ என வைத்துக்கொள்ளின், கொடுக்க வசதியற்ற குடும்பத்துப் பிள்ளையும் இவ்வட்டத்தினுள் வந்துவிடும்.

கஜா புயல் கற்பித்த பாடத்தையும் இங்கே பொருத்துவோம். ஓரூரார் மட்டும் சேர்ந்த நிதி, அவ்வூர் வாடுங்கால் வாடும். நம் சமுதாயமோ எண்ணிக்கையில் சிறிதாயினும் இடத்தால் பரந்தது. வந்தவாசிப் பகுதியில் நெல்லும் மணிலாவும் பயிரிடுவோர் உளர். சென்னையில் அலுவலகங்களில் பணியாற்றுவோர் உளர். ஆசிரியர், வணிகர், ஓய்வூதியர் உளர். வெளிநாடுகளில் உழைப்போரும் உளர். மழை பொய்த்த ஆண்டில் மாத ஊதியம் பொய்ப்பதில்லை. நிறுவனங்களில் ஆட்குறைப்பு நிகழும் ஆண்டில் வயல் விளையக்கூடும். ஆகவே ஊர்தோறும் தனித்தனியே சிறு நிதி வைத்தலினும், பல ஊரார் சேர்ந்து ஒரு கல்விச் சுழல்நிதி வைத்தல் உறுதியானது. ஆலயத் திருவிழாவின்போது சைவ அன்னதானத்தோடு கல்வி மொய் ஒன்றை எழுதத் தொடங்கினால் போதும்; விதை ஊன்றப்பட்டுவிடும். பெறும் மாணவர் பெயரை மேடையில் கூவாமல், கணக்கை மட்டும் ஆண்டுதோறும் அச்சிட்டு வெளியிடுதல் வேண்டும். கொடுப்பவர் அறிய வேண்டுவது பணம் சென்ற வழியை. பெற்றவர் நாணுவதை அன்று.

இந்நிதி முழுக் கட்டணத்தையும் தாங்க வேண்டுவதில்லை. படிப்புக் காலத்து வட்டியை மட்டும் தாங்கினாலும், மேலே கண்ட கணக்கின்படி ஒரு மாணவர்க்கு ஆகும் 1,40,000 ரூபாயை ஐந்தாண்டுகளில் பங்கிட்டால் ஆண்டுக்குச் சராசரி 28,000. ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய் தரும் இருபத்தெட்டு குடும்பங்கள் ஒரு பிள்ளையின் கடன் வளராமல் தடுத்து நிறுத்தலாம். இது கனவன்று, ஒரு சிற்றூர் செய்யக்கூடிய காரியம்.

இல்லத்தார் கூடி ஆராய வினாக்கள்

1. நம் குடும்பத்தில் கல்விக்கென வாங்கிய கடன் எவ்வளவு? அதன் வட்டியும் முடியும் ஆண்டும் வீட்டிலுள்ள அனைவர்க்கும் தெரியுமா?

2. நாம் தேர்ந்தெடுக்கும் கல்லூரி பிள்ளையின் ஆர்வத்திற்காகவா, அயலார் கண்ணுக்காகவா?

3. திருப்ப இயன்றும் திருப்பாமை, திருப்ப இயலாமை ஆகிய இரண்டையும் வேறுபடுத்தி அறிவது எங்ஙனம்? இரண்டாம் நிலையில் உள்ளோர்க்கு நம் ஊர் என்ன செய்தது?

4. சென்ற திருமணத்தில் நாம் எழுதிய மொய்யில் பத்தில் ஒரு பங்கைக் கல்வி நிதிக்கு எழுத நாம் ஆயத்தமா?

நான்காம் வினாவிற்கு விடை எழுத ஏடு தேவையில்லை. அடுத்த திருவிழா நாள் போதும். அறம் வளர்க! கல்வி ஓங்குக!